சோலைபாடியும் பஞ்சசீலமும்

வைகாசிப் பௌர்ணமி நெருங்கும்போதெல்லாம் நம்மவரிடையே ஒரு வினா எழுவதுண்டு. பகவான் புத்தர் பிறந்ததும், போதி நிழலில் மெய்யுணர்ந்ததும், பரிநிர்வாணம் எய்தியதும் ஆகிய மும்மங்கலமும் பொருந்திய அத்திருநாளில், கூண்டில் அடைபட்ட பறவைகளைக் காசு கொடுத்து வாங்கி வானில் பறக்கவிட்டால் புண்ணியம் உண்டன்றோ என்பதே அவ்வினா. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் விகாரைகளின் வாயிலில் இவ்வழக்கம் நடைபெறுகின்றது. லாலாகுடாவில் வாழும் தமிழ்ப் பௌத்தர்களாகிய நாமும் அதனை மேற்கொண்டால் என்ன என்று கேட்போர் உளர். கேட்பவர் உள்ளம் நல்ல உள்ளம். ஆகையால் அவ்வினாவை எள்ளி நகைத்தல் தகாது; ஆராயாமல் ஏற்றுக்கொள்ளுதலும் தகாது. மரபு என்பதற்காகவோ, பலர் சொல்லுகின்றனர் என்பதற்காகவோ எதனையும் ஏற்க வேண்டாமென்று காலாமர்களுக்கு உபதேசித்தவர் நம் ஆசான். அவர் காட்டிய வழியே நின்று, ஒரு சிறு பறவையின் வாழ்வைத் துணையாகக் கொண்டு இதற்கு விடை காண்போம்.

அப்பறவைக்குத் தமிழில் சோலைபாடி என்று பெயர். கருமை என்னும் பொருளுடைய சியாமா என்ற வடசொல்லே மருவி, இந்துஸ்தானியில் ஷாமா என வழங்குகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலைச் சாரல்கள், வடகிழக்கு இந்தியா, இலங்கை, பர்மா, மலேயா, இந்தோனேசியத் தீவுகள் ஆகிய இடங்களில், மூங்கிலும் புதரும் அடர்ந்த வெப்பமான தாழ்நிலக் காடுகளே அதன் உறைவிடம். லாலாகுடாவின் மரங்களில் நாம் சோலைபாடியைக் காண இயலாது. அதன் நெருங்கிய உறவாகிய குண்டுக் கரிச்சானையே இந்நகரத்துத் தோட்டங்களில் காண்கின்றோம். இலங்கையில் சிங்கள மக்கள் குண்டுக் கரிச்சானைப் பொல்கிச்சா என்றும், சோலைபாடியை வல்பொல்கிச்சா, அதாவது காட்டுப் பொல்கிச்சா, என்றும் வழங்குவர். உறவு அத்துணை நெருக்கம்.

சோலைபாடியின் எடை சுமார் 30 கிராம். ஒரு கைப்பிடி அரிசியின் எடைகூட இராது. ஆண்பறவையின் தலையும் மார்பும் முதுகும் மின்னும் கருமை. வாலடி தூய வெண்மை. வயிறு செங்காவி நிறம். வாலோ உடலைவிட நீண்டது. பெட்டை சாம்பல் கலந்த பழுப்பு நிறமும் குறுகிய வாலும் உடையது. மரப்பொந்தில் கூடமைப்பதும் அடைகாப்பதும் பெட்டையின் பணி. முட்டைகள் பெரும்பாலும் நான்கு அல்லது ஐந்து. சுமார் இரண்டு வாரத்தில் குஞ்சு வெளிவரும். அதன்பின் தாய் தந்தை இரண்டுமே பூச்சி புழுக்களைத் தேடிக்கொணர்ந்து ஊட்டும்.

இதன் புகழெல்லாம் இதன் குரலில் உள்ளது. விடியற்காலையிலும், மற்றப் பறவைகள் ஒடுங்கிய அந்திப் பொழுதிலும், காட்டின் நிழலுக்குள்ளிருந்து இது பாடும். குழலின் இனிமையும் நீரோட்டத்தின் நெகிழ்ச்சியும் கலந்த குரல்; பிற பறவைகளின் ஓசையையும் தன் பாட்டில் இழைத்துக்கொள்ளும் திறம் இதற்கு உண்டு. ஆனால் அன்பர்களே, இப்பாட்டு நம் செவிக்காகப் பாடப்படுவதன்று. இவ்விடம் என் இருப்பிடம் என்று அயற்பறவைக்கு அறிவிப்பதும், துணையை அழைப்பதும் அதன் நோக்கம். நமக்கு அது இன்னிசை. சோலைபாடிக்கோ குடும்ப வாழ்க்கை.

இவ்வினிமையே இதற்குப் பகையாயிற்று. காகத்தைக் கூண்டில் அடைத்து அதன் குரலைக் கேட்டு மகிழ்வார் எவருமிலர். சோலைபாடியை அடைப்பார் மிகப் பலர். சென்னை இராணுவத்தில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் என்பவர், 1862 முதல் 1864 வரை வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய பெருநூலில் ஒரு செய்தியைக் குறித்துள்ளார். பாடும் பறவையின் கூண்டைத் துணியால் மூடிவைத்தல் இந்நாட்டு வழக்கம் என்றும், சிற்சில இடங்களில் பறவை சிறையில் கழித்த ஒவ்வோராண்டுக்கும் ஒரு துணியாக மேன்மேலும் போர்த்துவர் என்றும் அவர் எழுதினார். பத்தாண்டு சிறையிருந்த பறவைக்குப் பத்துப் போர்வை! வெளிச்சமும் காற்றும் பெறும் பறவைகளைவிட இவை அதிகமாகப் பாடிவிடவில்லை என்பதையும் அவரே கண்டு சொன்னார். நம் தம்மத்தில் மனத்தை மூடும் ஐந்து தடைகளுக்கு நீவரணம் என்று பெயர். மூடுவது, மறைப்பது என்பதே அச்சொல்லின் பொருள். ஆசை, பகை, சோம்பல், மனக்குழப்பம், ஐயம் என்னும் அவ்வைந்தும் நம்மைப் போர்த்தியிருப்பதனாலன்றோ, போர்வைக்குள் இருக்கும் ஓர் உயிரின் இருள் நமக்குத் தெரிவதில்லை.

இன்னொரு வரலாறும் கேண்மின். நாமறிந்த பறவைப் பாட்டு ஒலிப்பதிவுகளுள் மிகப் பழமையானது ஒரு சோலைபாடியின் பாட்டேயாகும். 1889-ஆம் ஆண்டில், ஜெர்மனியில், லுட்விக் கோக் என்னும் எட்டு வயதுச் சிறுவன், எடிசனின் மெழுகு உருளைக் கருவியைக் கொண்டு, வீட்டில் வளர்ந்த சோலைபாடியின் குரலைப் பதிந்தான். கீழ்நாட்டுக் காட்டில் பாட வேண்டிய பறவை, கடல் கடந்து, கூண்டிலிருந்து பாடிய பாட்டு அது. அச்சிறுவன் வளர்ந்து யூதரான காரணத்தால் நாஜிகளின் கொடுமைக்கு ஆளாகி, 1936-இல் தாய்நாட்டை விட்டு இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்தார். அங்கே அவர் செய்த பணி கவனிக்கத்தக்கது. ஒலிப்பதிவுக் கருவிகளைச் சுமந்துகொண்டு வயலுக்கும் வனத்துக்கும் சென்று, பறவைகள் தம் மரத்தில் அமர்ந்து தம் விருப்பப்படி பாடுவதைப் பதிந்தார். பறவையை வீட்டுக்குக் கொணர்ந்து கேட்பது ஒரு வகை. பறவை இருக்குமிடம் நாம் சென்று கேட்பது மற்றொரு வகை. இரண்டிலும் செவி ஒன்றே, உள்ளந்தான் வேறு.

அந்த வேறுபாட்டை நம் முன்னோர் நுட்பமாக ஆராய்ந்துள்ளனர். காஞ்சியில் தங்கியிருந்தவரும், ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் விசுத்திமக்கம் என்னும் நூலை இயற்றியவருமான ஆசாரியர் புத்தகோசர், மைத்திரிக்கு இரண்டு பகைகள் உண்டு என்கிறார். வெறுப்பு தூரத்துப் பகை. அதனை எவரும் எளிதில் அடையாளம் காண்பர். பற்று அண்டைப் பகை. அது அன்பைப் போலவே உடுத்திக்கொண்டு அருகில் வந்து அமரும். பறவையை வெறுத்து எவரும் கூண்டு வாங்குவதில்லை. "இதன்மேல் எனக்கு அத்துணைப் பிரியம்" என்று சொல்லியே வாங்குகின்றனர். பறவை நலமாயிருக்க வேண்டும் என்பது மைத்திரி. பறவை என்னிடம் இருக்க வேண்டும் என்பது பற்று. இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்பதே கூண்டின் கம்பி.

இந்தப் பற்று பெருகினால் நேர்வது யாது என்பதை இன்றைய உலகம் காட்டுகின்றது. இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் பறவைகளைப் பாடவிட்டுப் பரிசளிக்கும் போட்டிகள் பெருவழக்கு. அவற்றில் சோலைபாடிக்குத் தனி மதிப்பு. அத்தீவின் இல்லங்களுள் சுமார் மூன்றில் ஒரு பங்கு பறவை வளர்ப்பன என்றும், கூண்டுப் பறவைகளின் தொகை 6 கோடியே 60 இலட்சத்துக்கும் 8 கோடியே 40 இலட்சத்துக்கும் இடைப்பட்டது என்றும் 2020-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வீடுகளில் பாட்டு நிறைந்தது, காடுகள் ஊமையாயின. ஜாவாவின் வனங்களில் சோலைபாடி ஏறக்குறைய இல்லாமற் போயிற்று. அங்கு அருகியதும், வேறு தீவுகளிலும் நாடுகளிலும் வலை விரிக்கப்பட்டது. ஈற்றில் 2022 நவம்பரில், பனாமா நாட்டில் கூடிய பன்னாட்டு மாநாட்டில், இப்பறவையை நாடுவிட்டு நாடு விற்பதற்குக் கட்டுப்பாடு விதிக்கத் தீர்மானித்தனர். பகைவரால் அழிந்த இனங்கள் உண்டு. இரசிகரால் அழியும் நிலைக்கு வந்த இனம் இது.

ஜாவா தொலைவில் உள்ளது என்று நாம் ஆறுதலடைய வேண்டாம். நம் ஐதராபாத்தின் பழைய நகரத்தில், முர்கி சௌக் சந்தை பறவை விற்பனைக்கு நெடுங்காலம் பெயர்பெற்றிருந்தது. தசராத் திருநாளில் பாலபிட்ட என்னும் பனங்காடையைக் காண்பது நல்ல சகுனம் என்பது இந்நாட்டார் நம்பிக்கை. 2014-இல் தெலங்கானாவின் மாநிலப் பறவையாக அறிவிக்கப்பட்டது அது. வயல்வெளிக்குச் சென்று அதனைக் கண்டு வணங்கிய காலம் போய், அதன் சிறகைக் கட்டிக் கூண்டில் வைத்துத் தெருத்தெருவாகக் காட்டிக் காசு பெறும் வழக்கமும் வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டுக் கிளி ஜோசியமோ நாம் அனைவரும் அறிந்ததே. தன் சிறகு வெட்டப்படுவதைத் தடுக்க இயலாத கிளி, நம் வருங்காலத்தைச் சீட்டெடுத்துச் சொல்லுமாம்! 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1990-91-இல் இந்தியப் பறவைகளின் வாணிபத்துக்கு விதிக்கப்பட்ட தடையும் இவற்றைக் குற்றமென்றே கூறுகின்றன. எனினும் வாங்குவோர் உள்ளவரை விற்போர் மறைவிலேனும் இருப்பர்.

சட்டத்தை விடுங்கள், சீலம் யாது கூறுகின்றது? முதற்சீலம் உயிர்க்கு ஊறு செய்யாமை. வலையில் சிக்கியும், பெட்டியில் நெருக்குண்டும், நீரின்றியும் இறக்கும் பறவைகள் பல. அவற்றுக்குப் பின்னரே உயிரோடு ஒன்று சந்தைக்கு வந்து சேருகின்றது. இரண்டாம் சீலம் கொடாததை எடாமை. பொன்னையும் பொருளையும் மட்டுமே நாம் இதனுள் அடக்குகின்றோம். தன் வானத்தை எந்தப் பறவை நமக்குக் கொடுத்தது? கொடாததை எடுத்தவனிடமிருந்து காசு கொடுத்து வாங்குவதனால் அது கொடுத்த பொருளாகிவிடுமா? மேலும் இல்லறத்தார் செய்யத்தகாதவை என்று பகவான் ஐந்து வாணிபங்களை விலக்கினார். ஆயுதம், உயிர்ப்பிராணிகள், மாமிசம், மது, நஞ்சு என்பன அவை. உயிரை விற்பது ஆயுதத்தையும் நஞ்சையும் விற்பதோடு ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருப்பதை உபாசகர்கள் மறத்தலாகாது. விற்பது தகாத தொழிலாயின், அத்தொழிலை வாழவைக்கும் காசும் தகாத காசே.

இப்போது தொடக்கத்தில் கண்ட வினாவுக்கு வருவோம். வளர்ப்பதற்கு வாங்குவது தவறு, விடுவிப்பதற்கு வாங்கினால்?

ஜாதகக் கதைகளுள் வட்டக ஜாதகம் என்று ஒன்று உண்டு. போதிசத்துவர் ஒரு காடையாகப் பிறந்திருந்தார். வேடனொருவன் காடைகளைப் பிடித்து, தீனி போட்டுக் கொழுக்க வைத்து, வருவோர்க்கு விற்றுப் பிழைத்தான். அகப்பட்ட காடை சிந்தித்தது: "இவன் தரும் இரையை உண்டால் நான் கொழுப்பேன், கொழுத்தால் என்னை வாங்குவர். உண்ணாதிருந்தால் மெலிவேன், மெலிந்தால் எவரும் வாங்கார்." அவ்வண்ணமே அது உண்ணாதிருந்து எலும்புந் தோலுமாயிற்று. வாங்க வந்தவர் அனைவரும் அதனை ஒதுக்கிச் சென்றனர். இதற்கு என்ன நேர்ந்தது என்று பார்க்க வேடன் அதனை வெளியிலெடுத்துக் கையில் வைத்திருந்தான். அவன் கவனம் சற்றே பிறழ்ந்த கணத்தில் அது பறந்து காட்டை அடைந்தது.

இக்கதையைத் தன்முயற்சிக்கு எடுத்துக்காட்டாக நாம் கேட்டிருக்கின்றோம். அதனுள் இன்னுமொரு பொருளும் உளது. கூண்டு எப்போது திறந்தது? வாங்குவார் வந்தபோது அன்று. வாங்குவார் இல்லாதபோதே திறந்தது.

நாம் பௌர்ணமியன்று பத்துப் பறவைகளை வாங்கி விடுவித்தோமாயின், விற்றவன் கண்டு கொள்வது யாது? அடுத்த பௌர்ணமிக்கு இருபது வேண்டும் என்பதையே. நம் கருணை அவன் செவியில் ஒரு கட்டளையாக விழுகின்றது. நாம் விடுவிக்க வேண்டும் என்பதற்காகவே காட்டில் இன்று சுதந்திரமாகத் திரியும் ஒரு பறவை நாளை பிடிபடும். நாம் விட்ட பறவைக்கும் நலம் உறுதியன்று. புல்வெளிக் குருவியை நகரத்து நடுவில் விட்டால் அது எதனை உண்ணும்? இறகு ஒடிந்தும் நோயுற்றும் இருக்கும் பறவை கை விட்டதும் எழும்பிப் பறக்கும். நம் கண் மறைந்ததும் விழும். நாம் காண்பது பறந்ததை மட்டுமே. கருணையும் பிரக்ஞையும் தம்மத்தின் இரு சிறகுகள். ஒற்றைச் சிறகால் பறவையும் பறவாது, புண்ணியமும் பறவாது.

அன்பர்களே, நாம் தம்மத்தைப் பிறப்பினால் மட்டும் பெற்றவரல்லர். தெரிந்து தெளிந்து தழுவியவர். காணிக்கை கொடுத்தால் பாவம் கழியும், நேர்ந்துகொண்டு ஆட்டைப் பலியிட்டால் நோய் நீங்கும் என்ற எண்ணங்களை விட்டு வெளிவந்தவர். வினையை எவரும் விலைக்கு விற்கவும் இயலாது, வாங்கவும் இயலாது என்று அறிந்தன்றோ சரணம் புகுந்தோம். பழைய வாயிலில் துரத்திய அதே வாணிபம், கூண்டுக்குள் அமர்ந்து, புண்ணியம் என்ற பெயரோடு புதிய வாயிலில் நுழையுமாயின், நாம் மாறியது பெயரில் மட்டுமே என்றாகும். இதில்தான் நாம் விழிப்போடிருத்தல் வேண்டும்.

மாமன்னர் அசோகரை நினைவுகூர்வோம். அவர் பெயரைத் தாங்கிய மாஸ்கி கல்வெட்டு 1915-இல் கண்டெடுக்கப்பட்டபோது, அவ்வூர் இதே நிஜாம் இராச்சியத்தில் அடங்கியிருந்தது. இன்று அது கர்நாடகத்தைச் சேர்ந்தது. அவருடைய ஐந்தாம் தூண் கட்டளை, கிளி, மைனா முதலிய பல உயிர்களைக் கொல்லலாகாது என்று பெயர் சொல்லி விலக்குகின்றது. முடிசூடி 26 ஆண்டுகள் ஆவதற்குள் 25 முறை சிறைப்பட்டோரை விடுவித்த செய்தியையும் அதே கட்டளை கூறுகின்றது. அவர் விடுதலையை விலைபேசவில்லை. பிடிப்பதையும் கொல்வதையும் குறைத்தார். கையிலிருந்த திறவுகோலால் திறந்தார். நம் கையில் அரசாணை இல்லை. எனினும் ஒரு திறவுகோல் உண்டு. வாங்க மறுப்பதே அது.

ஆனால் ஒருவர் கேட்கலாம்: "என் கண்ணெதிரே ஒரு பறவை கூண்டில் தவிக்கின்றதே, அதனை அப்படியே விட்டுச் செல்வதா?" கடினமான கேள்வி இது. அவ்வாறு உருகும் நெஞ்சம் மிகவும் அரியது. அதனை அடக்குமாறு நாம் சொல்லவில்லை. கடந்து செல்லவும் வேண்டாம், காசு கொடுக்கவும் வேண்டாம். வனத்துறையினர்க்கு அறிவித்தால், அவர்கள் பறவையை விலையின்றி மீட்பர். நோய் தீர்த்து, அதற்குரிய இடத்தில் விடுவர். சிறகு வெட்டிய கிளி நம் வீட்டிலேயே இருக்குமாயினும் கதவைத் திறந்து துரத்தாமல் அவர்களிடமே ஒப்படைத்தல் நன்று. லவ் பேர்ட்ஸ் என்று நாம் அழைக்கும் ஆஸ்திரேலியச் சிறுகிளிகளை வளர்ப்போர், அவற்றை இங்கு வெளியில் விட்டால் அவை பிழைத்திரா என்பதை உணர வேண்டும். இருப்பவற்றை அன்போடு அவற்றின் ஆயுள்வரை காத்து, புதியனவற்றை வாங்காதிருப்பாராக.

பறவை பிடிப்பவனையும் நாம் வெறுத்தல் ஆகாது. அவனுடைய வலையை விரிப்பது பெரும்பாலும் அவன் வீட்டு அடுப்பின் வெறுமையே. அவன் பிள்ளைக்குக் கல்வியும், அவனுக்கு வேறு பிழைப்பும் கிட்டுமாறு உதவுவோமாயின், ஆயிரம் பறவைகளை விலைகொடுத்து விடுவிப்பதினும் அது மேலானது. பறவைக்கென எடுத்துவைத்த பணத்தைப் பௌர்ணமியன்று நோயாளிக்கு உணவாகவோ, ஏழை மாணவர்க்குப் புத்தகமாகவோ அளிக்கலாம்.

லாலாகுடா உழைப்பாளரின் ஊர். 1893-இல் நிஜாம் இரயில்வேயின் பட்டறை இங்கு அமைந்தது. மாலைச் சங்கு ஊதி வாயிற்கதவு திறக்கையில், வேர்வையைத் துடைத்துக்கொண்டு வீடு நோக்கி நடக்கும் தொழிலாளிக்கு, திறவாத கதவு என்றால் என்னவென்று எவரும் உபதேசிக்க வேண்டுவதில்லை. அவன் தன் வீட்டில் ஓர் உயிர்க்குத் திறவாத கதவை அமைக்கலாகாது. பட்டுப்போனதாயினும் பொந்துள்ள பழைய மரத்தை, ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் வெட்டாது விடுங்கள். குண்டுக் கரிச்சான் அத்தகைய பொந்துகளிலும் சுவர்த்துளைகளிலும் கூடமைக்கும். கோடையில் மண்சட்டியில் நீர் வையுங்கள். பூச்சிமருந்தைக் குறையுங்கள், பூச்சியே அதன் குஞ்சுக்கு உணவு. பிள்ளைகளை விடியலில் எழுப்பி, மரத்தடியில் அமைதியாக அமர்த்தி, கேட்கப் பழக்குங்கள். பஞ்சசீலத்தைச் சொல்லிக்கொடுக்க இதனினும் நல்ல பள்ளி நமக்கு அமையாது.

பாடுகின்ற பறவை நமக்கு ஒன்றும் கடன்பட்டதில்லை. அது பாடினால் கேட்போம். பறந்து சென்றால், சென்ற திசை நோக்கி மைத்திரியை அனுப்புவோம். கேட்டதைக் கைக்கொள்ள விரும்பாத செவியே தூய செவி. கண்டதைத் தனதாக்க விரும்பாத கண்ணே தூய கண். வரும் வைகாசிப் பௌர்ணமியில் நம் வீடுகளில் கூண்டு ஏதும் இல்லாதிருக்கட்டும். நம் பணத்தால் எந்தக் காட்டிலும் வலை விரியாதிருக்கட்டும். அதுவே அத்திருநாளுக்கு நாம் செய்யும் பறவை விடுதலை.

காட்டிலுள்ளனவும் நாட்டிலுள்ளனவும் ஆகிய உயிர்கள் யாவும் அச்சம் நீங்கி வாழ்வனவாக!

நமோ புத்தாய.